கடைக்காரரைக் கேளுங்கள்: மகாராணி, மினி பட்ஜெட், மின்மானிச் சாவி

(தென் லண்டன், 2022 ஒக்டோபர் முதல் வாரம்)

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி செப்டெம்பர் மாதத்தைப் பற்றித்தான். ஒரே மாதத்தில் புதுப் பிரதமர், மகாராணியின் மரணம், புது அரசர், பவுணின் வீழ்ச்சி. பேப்பர்க் கடைக்காரனுக்கு இதெல்லாம் அத்துப்படி என்று நினைக்கிறீர்கள். தலைப்புச் செய்தியை நான் மற்றவர்களுக்கு இரண்டு மணித்தியாலம் முன்னால் பார்க்கிறேன், அவ்வளவுதான். மிச்சமெல்லாம் கவுண்டருக்கு அங்கால் நிற்கிற சனம் சொல்லித் தந்தது.

மகாராணியார் காலமான செய்தி வந்த நேரம் உங்கள் கடையில் எப்படி இருந்தது? (ஓர் ஆசிரியை, மட்டக்களப்பு)

அதற்கு முதல் நாளே கதை தொடங்கிவிட்டது, ரீச்சர். 6ஆம் திகதி செவ்வாய்க்கிழமை ஸ்கொட்லாந்தின் பல்மோரல் மாளிகையில் லிஸ் ட்ரஸ்ஸைப் பிரதமராக நியமித்தார். கார்டிகனும் ஊன்றுகோலுமாகச் சிரித்தபடி நிற்கிற அந்தப் படம் புதன்கிழமைப் பேப்பர்களில் வந்தது. இரவு வேலை முடித்துப் பால் வாங்க வருகிற தமிழ் நேர்ஸ் ஒருவர் பார்த்தவுடன், "அண்ணை, முகத்தைப் பாக்காதேங்கோ, கையைப் பாருங்கோ" என்றார். புறங்கை முழுக்கக் கன்றி ஊதா நிறமாக இருந்தது. அவர் வேறொன்றும் சொல்லவில்லை. பாலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வியாழன் மதியம் பாராளுமன்றத்தில் ட்ரஸ் அறிவித்த மின்சார, எரிவாயுக் கட்டணத் திட்டம் பற்றிய விவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே முன்வரிசையில் ஒரு துண்டுக் காகிதம் கை மாறியது. 12.30 அளவில் அரண்மனை அறிக்கை: மருத்துவர்கள் கவலைப்படுகிறார்கள் என்று. அந்த அரண்மனை அப்படியெல்லாம் வாய் திறக்காது. மாலை 6.30க்குச் செய்தி வந்தது. வயது 96, அரியணை ஏறி 70 வருடம். கடையில் றேடியோ ஓடிக்கொண்டிருந்தது. லொட்டோ டிக்கெட் நிரப்பிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் பேனையை வைத்துவிட்டு, நிரப்பினதை அப்படியே விட்டுவிட்டுப் போனார்.

வெள்ளி விடியப்புறம் கட்டுக் கட்டாகப் பேப்பர் வந்தது, எல்லாம் அவர் முகம். பத்து வருடமாகப் பேப்பரைத் தொட்டும் பார்க்காத சனம் வந்து ஒவ்வொன்றிலும் ஒன்று கேட்டது. எட்டு மணிக்கு ராக்கை காலி. வாங்கினதில் சிலதைப் பின்னேரமே இணையத்தில் பல மடங்கு விலைக்குப் போட்டிருந்தார்களாம். துக்கமும் வியாபாரமும் எந்த ஊரிலும் ஒரே தெருவில்தான் குடியிருக்கின்றன. நானும் அந்தத் தெருக்காரன்தான்.

நம்மை ஆண்ட சாம்ராஜ்யத்தின் ராணிக்கு நீங்கள் ஏன் சார் கண்ணீர் விட வேண்டும்? (ஒரு வாசகர், சென்னை)

நான் கண்ணீர் விடவில்லை, தம்பி. ஆனால் உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். இந்தியா 1950இல் குடியரசாகிவிட்டது. இலங்கை 1972 மே வரைக்கும் முடியின் கீழ்தான். ஆகவே நான் பிறந்தபோது அவர் எங்களுக்கும் ராணி, 'இலங்கை ராணி' என்றே பட்டம். 1954இல் வந்து போனபோது கண்டவர்களின் கதை எங்கள் வீட்டில் கனகாலம் ஓடியது.

அதே முடியின் நிழலில்தான் 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டமும் வந்தது. மேன்முறையீடாக லண்டன் பிரிவி கவுன்சில் நீதிமன்றம் வரை வழக்குப் போனது. 1953இல் அங்கேயும் கை விரித்தார்கள். இதை மறக்கச் சொல்லி எவரும் என்னிடம் கேட்கவில்லை, நானும் மறக்கவில்லை. 2002இல், பொன்விழா ஆண்டில், ஹைகேற் முருகன் கோயிலுக்கு அவர் வந்ததையும் மறக்கவில்லை. இரண்டையும் ஒரே தலைக்குள் வைத்துக்கொண்டுதான் இங்கே வாழ்கிறோம். ஒன்றை எடுத்தால் மற்றதை வீச வேண்டும் என்கிறவர்களோடு எனக்குக் கதை இல்லை.

நாங்கள் பெற்றோலுக்கும் காஸுக்கும் நாள் கணக்கில் வரிசையில் நின்ற வருடத்தில், நீங்கள் ஒரு பெட்டியைப் பார்க்க வரிசையில் நின்றீர்களே, இது என்ன கூத்து அண்ணை? (ஒரு வாசகர், யாழ்ப்பாணம்)

கேள்வி சுடுகிறது. சுடத்தான் வேண்டும். நான் நிற்கவில்லை, கடை. என் மனிசி நின்றா.

வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் ராணியின் சவப்பெட்டியை வைத்து, 14ஆம் திகதி மாலை தொடக்கம் 19 காலை வரை, இரவு பகலாகச் சனத்தை விட்டார்கள். கிட்டத்தட்ட இரண்டரை லட்சம் பேர் என்று கணக்கு. வரிசையின் வால் எங்கே இருக்கிறது என்று அரசாங்கமே யூடியூப்பில் நேரலையாகக் காட்டியது. தேம்ஸின் தென்கரையோரமாக சதக் பார்க் வரை நீண்டு, அங்கே இடம் முட்டினதும் 16ஆம் திகதி கொஞ்ச நேரம் வாசலை மூடினார்கள். அன்றைக்குத்தான் டேவிட் பெக்கம் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நின்றார். பின்கதவால் போகக்கூடிய மனிதர் நின்று போனது இங்கே பெரிய மரியாதை. பின்கதவால் போன சில தொலைக்காட்சி முகங்களுக்கு நல்ல ஏச்சும் விழுந்தது.

மனிசி வியாழன் பின்னேரம் ஒரு பெட்டி மட்டன் ரோல்ஸோடு போனா. கையில் இலக்கம் போட்ட பட்டி கட்டிவிட்டார்கள். அது இருந்தால் கழிப்பறைக்குப் போய்த் திரும்பித் தன் இடத்துக்கே வரலாம். டவர் பிரிட்ஜைக் கடக்க முதலே முன்னால் பின்னால் நிற்கிறவர்களின் பிள்ளை குட்டி விபரம் எல்லாம் தெரிந்துவிட்டது. லம்பெத் பாலத்தைத் தாண்டி விக்டோரியா டவர் தோட்டத்தில் வரிசையை வளைத்து வளைத்து விடுகிறார்கள். விமான நிலையச் சோதனை மாதிரி. சாப்பாடு, தண்ணீர்ப் போத்தல், கிறீம் ஒன்றும் உள்ளே போகாது. மிஞ்சின ரோல்ஸை அங்கேயே பங்கிட்டுக் கொடுத்தாவாம். ஹல்லில் இருந்து வந்த ஓய்வுபெற்ற பஸ் சாரதி ஒருவர் செய்முறை கேட்டு எழுதிக்கொண்டார்.

உள்ளே போனபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. 1097இல் கட்டின மண்டபம், உயரத்தில் மரக்கூரை, நடுவில் பெட்டி, மேலே முடி. இருபது நிமிடத்துக்கு ஒருக்கா காவலர் மாறுவதற்கு ஒருவர் தடியால் நிலத்தில் தட்டுவார். அந்தச் சத்தம் மட்டும்தான். "கும்பிட்டனியோ?" என்று கேட்டேன். "கை தானாக் கூடிட்டுது" என்றா.

ஏன் போனாய் என்று கேட்டதற்கு வந்த பதிலைத்தான் உங்களுக்குச் சொல்ல நினைத்தேன். 90களில் ஊரில் தாய் செத்தபோது அகதி விண்ணப்பம் முடியாததால் இவவால் போக முடியவில்லை. வரிசையில் நின்றவர்களும் ராணியைப் பற்றிக் கதைத்தது கொஞ்சம்தானாம். கொரோனாக் காலத்தில் செத்தவீட்டுக்குப் போகமுடியாமல் போன தங்கள் தாய் தகப்பனைப் பற்றித்தான் கதை. 2021 ஏப்ரலில் கணவர் பிலிப்பின் இறுதிக்கிரியையில் கொரோனா விதிப்படி தேவாலயத்தில் தனியே ஒரு வாங்கில் இருந்தார் ராணி. அதற்கு முதல் நாள் இரவு பிரதமர் அலுவலகம் இருக்கிற டவுனிங் வீதியில் குடியும் கூத்துமாக விருந்து நடந்தது பிறகு வெளியே வந்தது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. வரிசை அவ்வளவு நீண்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

உங்கள் பெற்றோல் வரிசைக்கும் இதற்கும் ஒப்பே இல்லை, தம்பி. நீங்கள் நின்றது வயிற்றுக்கு. இங்கே நின்றவர்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்கள்.

அரசர் சார்ள்ஸ் பேனையோடு சண்டை பிடித்ததைப் பார்த்தீர்களா? (ஒரு வாசகி, நீர்கொழும்பு)

பார்த்தேன். தாயைப் பறிகொடுத்து ஒரு கிழமையும் ஆகாத மனிதன், 73 வயதில், நாளுக்கு ஓர் ஊரில் கையொப்பம் வைத்துக்கொண்டு திரிந்தார். பேனை கசிந்தால் ஆருக்கும் வரும்.

துக்க காலத்தில் ஓவல் டெஸ்ட் மட்டும் நடந்ததே, கால்பந்து நின்றது ஏன்? (ஒரு கிரிக்கெட் ரசிகர், கோயம்புத்தூர்)

ஆளுக்கொரு முடிவு எடுத்தார்கள். அரசாங்கம் கட்டாயப்படுத்தவில்லை. கால்பந்துச் சங்கம் பிரீமியர் லீக்கில் இருந்து ஞாயிறு காலைச் சின்னப் பிள்ளைகளின் ஆட்டம் வரை அந்த வார இறுதி எல்லாவற்றையும் தள்ளி வைத்தது. கிரிக்கெட்காரர் வெள்ளி மட்டும் நிறுத்தி, சனிக்கிழமை தொடங்கினார்கள். வியாழன் முழுக்க மழை, ஒரு பந்தும் விழவில்லை. சனி காலை ஓவலில் ஊசி விழுந்தால் கேட்கிற அமைதி. பிறகு 'கோட் சேவ் த கிங்' பாடினார்கள். எழுபது வருடமாக 'குயின்' என்று பழகின வாய், பல பேருக்குத் தடக்கியது டிவியிலேயே தெரிந்தது. தென்னாபிரிக்கா 118க்குச் சுருண்டது. ரொபின்சன் ஐந்து விக்கெட். திங்கள் காலை இங்கிலாந்து 9 விக்கெட்டால் வென்று தொடரை 2-1 என்று எடுத்தது. கூடிநின்று மரியாதை செய்யச் சனத்துக்கு ஓர் இடம் கிடைத்தது. எனக்குக் கிரிக்கெட்காரர் செய்ததுதான் சரி.

இறுதிக்கிரியை நடந்த 19ஆம் திகதி விடுமுறை. ஆஸ்பத்திரி அப்பொயின்ட்மென்ட்கள் தள்ளிப்போயின. மாதக்கணக்காகக் காத்திருந்தவர்கள் வந்து என்னிடம் புலம்பினார்கள். ஒரு விடுமுறை முகாம்காரர் தங்கியிருந்தவர்களை அந்த ஒரு நாள் வெளியேறச் சொல்லி, நாடே சிரித்தபிறகு மனம் மாறினார்கள். ரயில்காரரும் தபால்காரரும் தங்கள் வேலைநிறுத்தத்தைத் தாங்களாகவே ஒத்திவைத்தார்கள்.

ரிஷி சுனக் தோற்றது நிறத்தினாலா? (ஒரு வாசகர், ரொறன்ரோ)

கட்சித் தலைவர் தேர்தலில் ட்ரஸ்ஸுக்கு 81,326 வாக்கு, சுனக்குக்கு 60,399. வாக்குப்போட்டவர்கள் கன்சர்வேட்டிவ் கட்சி உறுப்பினர்கள் மட்டும். அவர்கள் மனதுக்குள் புகுந்து பார்க்க எனக்கு வழியில்லை. ஆனால் ஒருவர் "வரியைக் குறைப்பேன்" என்றார், மற்றவர் "கடன் வாங்கி வரியைக் குறைத்தால் வட்டி ஏறும்" என்றார். இனிப்புக் கடையில் கசாயம் விற்றவர் தோற்றார். வட்டி ஏறினதை இப்போது பார்க்கிறோம்.

உங்கள் பவுணும் எங்கள் ரூபாய் போன வழியில் போகிறதா? (ஓய்வுபெற்ற வங்கி உத்தியோகத்தர், வவுனியா)

நீங்கள் வங்கிக்காரர், உங்களுக்கு நான் பாடம் எடுப்பதா? இருந்தாலும் நடந்ததைச் சொல்கிறேன்.

செப்டெம்பர் 23, வெள்ளி. நிதியமைச்சர் குவாசி குவார்டெங் எழும்பி 45 பில்லியன் பவுண் அளவு வரிக்குறைப்பு அறிவித்தார். இதைத்தான் 'மினி பட்ஜெட்' என்கிறார்கள். ஆகக் கூடிய வருமானத்துக்கான 45 சதவீத வரியே இல்லை என்றார். காசுக்கு வழி? கடன். வழக்கமாக பட்ஜெட்டோடு கூடவே சுயாதீனமான பட்ஜெட் பொறுப்பு அலுவலகத்தின் மதிப்பீடு வரும். அது வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். திறைசேரியின் மூத்த அதிகாரியை ஏற்கெனவே வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. திங்கள் விடியப்புறம் ஆசியச் சந்தையில் பவுண் 1.03 டொலர் அளவுக்கு விழுந்தது, வரலாற்றிலேயே ஆகக் குறைவு. அன்றைக்கு ஊருக்குக் காசு அனுப்ப வந்தவர்கள் உண்டியல்காரரின் பலகையைப் பார்த்து வாயில் கை வைத்தார்கள்.

பவுணை விடப் பயங்கரம் கடன் பத்திரத்தில். பத்திரத்தின் விலை சரிய, அதை ஈடு வைத்து விளையாடியிருந்த ஓய்வூதிய நிதிகளிடம் மேலதிக ஈடு கேட்டார்கள். அதைக் கட்ட அவர்கள் பத்திரத்தையே விற்க, விலை இன்னும் சரிந்தது. புதன் 28ஆம் திகதி மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கி குறுக்கே விழுந்து, 65 பில்லியன் வரை நீண்டகாலப் பத்திரங்களை வாங்கத் தயார் என்று சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது.

ரூபாய் போன வழி இது இல்லை. இலங்கை டொலரில் கடன்பட்டது, டொலரை அச்சடிக்க முடியாது. பிரித்தானியாவின் கடன் சொந்தப் பணத்தில். மருந்து, பெற்றோல் வாங்கக் காசில்லை என்கிற நிலை இங்கே வராது. ஆனால் எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை, ஐயா. ராணி ஸ்கொட்லாந்தில் இறந்தால் என்ன செய்வது என்பதற்கு 'யூனிகோர்ன்' என்று தனித் திட்டமே எழுதி வைத்திருந்த நாடு இது. எந்த வாகனம் எந்த ரோட்டால் போவது, எந்த மணி எத்தனை தரம் அடிப்பது என்று வருடக்கணக்காக ஒத்திகை பார்த்தார்கள், ஒரு பிசகும் இல்லாமல் நடத்திக் காட்டினார்கள். அதே நாடு நான்கு நாள் கழித்து 45 பில்லியனுக்குக் கணக்குப் பார்க்காமல் எழும்பி நின்றது. செத்தவீட்டை இவ்வளவு நேர்த்தியாகச் செய்யத் தெரிந்தவர்களுக்கு வீட்டுச் செலவு பார்க்கத் தெரியாமல் போனது எப்படி? துக்கம் காத்த நாட்களில் பாராளுமன்றத்தில் வழக்கமான விவாதம் இல்லை, கேள்வி கேட்க ஆளும் இல்லை. அதுவும் ஒரு வசதியாகப் போய்விட்டது என்றுதான் சொல்வேன்.

இந்தத் திங்கள், ஒக்டோபர் 3, அந்த 45 சதவீத வரியை எடுக்கும் யோசனையைக் கைவிட்டுவிட்டார்கள். மிச்சம் எத்தனை நாளைக்கு நிற்கும் என்று என் கவுண்டரில் பந்தயம் போகிறது.

ஒரு வீட்டுக்கு 2,500 பவுணுக்கு மேல் மின்சார, காஸ் பில் வராது என்று பிரதமர் சொன்னாரே, அப்படியென்றால் ஹீற்றரை விருப்பப்படி போடலாமா? (ஒரு குடும்பத் தலைவி, ஹரோ)

வேண்டாம் அக்கா! பிரதமரே உள்ளூர் வானொலியில் அப்படிச் சொன்னது உண்மை. சரியில்லை. 2,500 என்பது வழக்கமான பாவனை உள்ள வீட்டின் வருடக் கணக்கு. உச்சம் போட்டது ஒரு யூனிட்டின் விலைக்கு: ஒக்டோபர் 1 முதல் சராசரியாக மின்சாரம் 34 பென்ஸ், காஸ் 10.3 பென்ஸ். கூடப் பாவித்தால் கூடக் கட்டத்தான் வேண்டும். இந்தத் திட்டம் வராவிட்டால் அந்தக் கணக்கு 3,549 ஆகியிருக்கும், அந்த மட்டில் புண்ணியம்.

என் கடையில் மின்மானிச் சாவிக்கு டொப் அப் செய்கிற மெஷின் இருக்கிறது. முற்பணம் கட்டி மின்சாரம் எடுக்கிறவர்கள், பெரும்பாலும் வாடகை வீட்டுக்காரர், சாவியைக் கொண்டுவந்து செருகிக் காசு ஏற்றிப் போவார்கள். முன்பு வெள்ளிக்கிழமை வந்து இருபது போடுவார்கள். இப்போது ஐந்து, நாளை மறுநாள் இன்னொரு ஐந்து. ஒரு தாய் பள்ளிக்கூட உடுப்போடு இரண்டு பிள்ளைகளைக் கூட்டிவந்து ஐந்து பவுண் போட்டுவிட்டு, மிச்சச் சில்லறையை எண்ணி, சின்னவன் எடுத்த சொக்லேட்டைத் திருப்பி ராக்கையில் வைத்தா. ஒரு பல்ப்பும் எரியாவிட்டாலும் நாளாந்த நிலைக்கட்டணம் சாவியில் இருந்து கழியும். "வீட்டில இல்லாத நாளிலயும் காசு போகுது" என்கிறார்கள். போகும்.

அரசாங்கம் தருகிற 400 பவுண் உதவி இந்த மாதம் தொடக்கம் ஆறு தவணையில் வருகிறது, முதல் தவணை 66. பழைய முற்பண மீற்றர் வைத்திருப்பவர்களுக்குக் கடிதத்திலோ எஸ்எம்எஸ்ஸிலோ வவுச்சராக வரும். குப்பைக் கடிதம் என்று நினைத்து எறிந்துவிடாதேங்கோ. அதைக் கடைக்குக் கொண்டுபோய் மாற்ற வேண்டும்.

வீட்டுக் கடன் எடுக்க இது நேரமா? (புதுமணத் தம்பதி, ஈஸ்ட் ஹாம்)

என் மகளும் மருமகனும் இதே சகதியில்தான் நிற்கிறார்கள். மினி பட்ஜெட்டுக்கு மறுகிழமை அவர்களுக்குச் சொல்லிவைத்த வட்டித் திட்டத்தையே கடன்காரர் வாபஸ் வாங்கிவிட்டார். இரண்டு வருட நிலையான வட்டி 23ஆம் திகதி சராசரி 4.74 சதவீதம். இன்றைக்கு 6ஐத் தாண்டிவிட்டது. இரண்டு லட்சம் பவுணை 25 வருடத்துக்கு 2 சதவீதத்தில் எடுத்தவர் மாதம் 850 அளவில் கட்டியிருப்பார். அதே கடன் 6 சதவீதத்தில் 1,290 அளவில் வரும். உங்கள் இருவரின் சம்பளத்தில் 1,290 போய் மிச்சத்தில் வாழலாமா என்று ஒரு மாதம் அந்தக் காசைத் தனியே எடுத்துவைத்துப் பாருங்கள். முடிந்தால் யோசியுங்கள். முடியாவிட்டால் வாடகைக்கே இருங்கள், மாமியார் என்ன சொன்னாலும்.

லெஸ்டரில் இந்து முஸ்லிம் கலவரம் என்று வாட்ஸ்அப்பில் பயங்கரமாக வருகிறதே? (ஒரு வாசகர், மதுரை)

ஓகஸ்ட் 28 இந்தியா பாகிஸ்தான் ஆட்டத்துக்குப் பிறகு தொடங்கின கொதிப்பு, செப்டெம்பர் 17, 18இல் தெருவுக்கு வந்தது. நடந்தது வெட்கம்தான். ஆனால் சமூக ஊடகங்களில் வந்ததில் பொய் நிறைய என்று நகர மேயர் பீட்டர் சோல்ஸ்பியே சொன்னார். பிறகு இரண்டு தரப்புப் பெரியவர்களும் ஒன்றாக நின்று கூட்டறிக்கை வாசித்தார்கள். அது உங்களுக்கு ஃபோர்வார்ட் ஆகி வந்திருக்காது.

அண்ணன் விட்டுப்போன பழைய 20 பவுண் காகித நோட்டுகள் சில என்னிடம் இருக்கின்றன. ராணி இறந்ததால் செல்லாது என்கிறார்களே? (ஒரு வாசகி, திருகோணமலை)

ராணி இறந்ததற்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை, தங்கச்சி. அடம் ஸ்மித் படம் போட்ட காகித 20உம், காகித 50உம் செப்டெம்பர் 30ஓடு கடைகளில் செல்லாது என்று முதலே அறிவித்திருந்தார்கள். இரண்டும் ஒரே மாதத்தில் வந்ததால் என் கடையிலும் இதே குழப்பம். ராணி படம் உள்ள பிளாஸ்ரிக் நோட்டு எல்லாம் வழக்கம்போலச் செல்லும். புது அரசரின் உருவம் போட்ட நாணயத்தையே 30ஆம் திகதிதான் காட்டினார்கள். பார்கோட் இல்லாத சாதாரண முத்திரைகளுக்கு மட்டும் வரும் ஜனவரி 31 கடைசி நாள், அதுவும் போன பெப்ரவரியிலேயே சொன்னது.

உங்கள் நோட்டுகளின் பெறுமதி போகவில்லை. இங்கிலாந்து வங்கி எந்தக் காலத்துப் பழைய நோட்டையும் மாற்றித் தரும், காலக்கெடு கிடையாது. வங்கியின் இணையத்தளத்தில் உள்ள படிவத்தை நிரப்பி, அடையாளப் பத்திரப் பிரதியோடு பதிவுத் தபாலில் அனுப்பலாம். தபாலில் தொலைந்தால் உங்கள் பொறுப்பு. ஆகவே இங்கே வருகிற நம்பிக்கையான ஆள் ஒருவரிடம் கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது. லண்டன் த்ரெட்நீடில் வீதியில் உள்ள அந்த வங்கியின் கவுண்டரில் நேரே மாற்றலாம். போன கிழமை அங்கே வாசலுக்கு வெளியே நீண்ட வரிசை நின்றதாம், வருகிறவரிடம் அதையும் சொல்லிவிடுங்கள்.